சாய்வு -1 வரவில்லை என்றால் குட்டை கெட்டுப்போனதா?

குட்டைநீர் · மார்ச் 2, இரவு 9.40

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டைகள். ஒன்றில் மீன் உண்டு, மற்றதில் இல்லை. விலங்கு மிதவைகளை, அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளைப் பிடிக்க, இரண்டிலும் 200 மைக்ரான் வலையை 3 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே இழுத்தேன். வலையின் வாய் விட்டம் 30 செ.மீ. மாதிரியில் இருபதில் ஒரு பங்கை எடுத்து, நுண்ணோக்கியில் நீளம் அளந்து, எடையாக மாற்றி, எக்செல்லில் மடக்கை (லாக்) பெட்டிகளாகப் பிரித்து, எடைக்கு எதிரே எண்ணிக்கையை வைத்துக் கோடு போட்டேன். மீன் குட்டைக்குச் சாய்வு -2.1. மீன் இல்லாததற்கு -0.6. படித்த இடத்திலெல்லாம் -1 என்று இருக்கிறது. குட்டைகள் கெட்டுப்போய்விட்டனவா, என் கணக்கு கெட்டுப்போய்விட்டதா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சின்ன உயிர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கோ இடது ஓரத்தில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

வலைக்கண் · மார்ச் 2, இரவு 10.25

குட்டைகள் இருக்கட்டும். முதலில் எந்தச் சாய்வு என்று சொல்லுங்கள். எந்த எடையில் எவ்வளவு உயிர் என்று காட்டும் அளவு நிறமாலை என்ற ஒரே பெயரில் நான்கு சாய்வுகள் உலவுகின்றன.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 2 மைக்ரோகிராம் பெட்டியில் 800 உயிர்கள். 2–4 பெட்டியில் 400, 4–8இல் 200, 8–16இல் 100, 16–32இல் 50.

எண்ணிக்கையை அப்படியே மடக்கைத் தாளில் போட்டால் சாய்வு -1. அதே எண்ணிக்கையை ஒவ்வொரு பெட்டியின் அகலத்தாலும் வகுத்தால் 800, 200, 50, 12.5, 3.1 என்று இறங்கும். எடை இரட்டிக்கும்போதெல்லாம் நாலில் ஒரு பங்காகிறது, ஆகவே சாய்வு -2. இனி எண்ணிக்கையை விட்டு உயிர்த்திரளுக்கு, அதாவது மொத்த எடைக்கு, வாருங்கள். பெட்டியின் பெருக்குச் சராசரி எடையால் (இரு எல்லைகளின் பெருக்கத்தின் வர்க்கமூலம்) பெருக்கினால் முதல் பெட்டி 1.41 × 800, அதாவது 1131. இரண்டாவது 2.83 × 400, அதுவும் 1131 சொச்சம். கடைசிப் பெட்டி வரை இதே எண்தான், சாய்வு 0. அந்த உயிர்த்திரளை அகலத்தால் வகுத்தால் மறுபடி -1.

மாதிரி ஒன்றுதான். சாய்வு மட்டும் 0, -1, -1, -2. நீங்கள் படித்த -1 எண்ணிக்கைச் சாய்வாக இருக்கலாம், வகுத்த உயிர்த்திரள் சாய்வாகவும் இருக்கலாம். தற்செயலாக இரண்டுக்கும் ஒரே எண் வருவதால் வரும் குழப்பம்தான் பெரிது.

நான்கில் பழையது 0. 1972இல் ஷெல்டன், பிரகாஷ், சட்கிளிஃப் மூவரும் கடல்நீரின் துகள்களை, அளந்து எண்ணும் கருவியான கோல்ட்டர் எண்ணியில் ஓடவிட்டுச் சொன்னது அதுதான்: சமமான மடக்கைப் பெட்டிகளில் ஏறக்குறைய சமமான திரள் இருக்கிறது. பாக்டீரியா முதல் திமிங்கிலம் வரை இது நீளக்கூடும் என்று அவர்கள் முன்வைத்தார்கள். மற்ற மூன்றும் இதன் வேறு வடிவங்களே.

எக்செல் கோப்பில் அகலத்தால் வகுத்தீர்களா?

குட்டைநீர் · மார்ச் 2, இரவு 11.05

மீன் குட்டைத் தாளில் வகுத்திருக்கிறேன். மற்றதில் வகுக்கவில்லை. இரண்டையும் வெவ்வேறு நாளில் செய்தேன்.

வலைக்கண் · மார்ச் 2, இரவு 11.10

அப்படியானால் மீன் இல்லாத குட்டையின் -0.6, வகுத்த அளவுகோலில் -1.6. ஒப்பிட வேண்டியது -2.1ஐயும் -1.6ஐயும். இனி இந்த இழையில் சாய்வு என்றால் வகுத்த எண்ணிக்கைச் சாய்வு. அதற்கு ஒப்பு எண் -2.

வலைக்கண் · மார்ச் 3, காலை 6.50

நேற்று விட்டுப்போன இரண்டு.

மடக்கையின் அடி 2 ஆனாலும் 10 ஆனாலும் சாய்வு மாறாது. ஆனால் இரண்டு அச்சிலும் ஒரே அடி இருக்க வேண்டும். படுக்கை அச்சில் அடி 2, நிற்கும் அச்சில் அடி 10 என்று போட்டால் சாய்வு 0.301ஆல் பெருக்கப்பட்டுவிடும். -2 என்பது -0.6 ஆகத் தெரியும்! உங்கள் -0.6 இப்படி வந்ததாகவும் இருக்கலாம். தாளைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது, நீளத்தை எடையாக மாற்றாமல் நீளப் பெட்டிகளிலேயே கோடு போடுகிறவர்களும் உண்டு. எடை நீளத்தின் மும்மடியாகப் போனால், எடையில் -2 என்பது நீளத்தில் -4. நீர்த்தெள்ளுக்கு வழக்கமாக வரும் 2.6 அடுக்குக்கு -3.6. இரண்டு கட்டுரைகளின் சாய்வை ஒப்பிடும் முன் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குட்டைநீர் · மார்ச் 3, காலை 8.15

பார்த்துவிட்டேன், இரண்டு அச்சிலும் அடி 10தான். ஆக -2.1, -1.6. மீன் குட்டை செங்குத்தாக இறங்குகிறது. மீன் பெரிய உயிர்களைத் தின்றுவிட்டது என்று எழுதிவிடலாமா?

வலைக்கண் · மார்ச் 3, மதியம் 1.30

இன்னும் இல்லை. இடது ஓரத்தில் எண்ணிக்கை குறைகிறது என்றீர்களே, முதலில் அதைத் தீர்க்க வேண்டும். அங்கே குறைந்திருப்பது உயிர்கள் அல்ல. வலை அவற்றைப் பிடிக்கவில்லை.

200 மைக்ரான் என்பது சதுரக் கண்ணின் பக்கம். மூலைவிட்டம் 283 மைக்ரான். உடலின் அகலம் அதைத் தாண்டினால் நழுவ வழியில்லை. அதற்குக் கீழே இருப்பவை எந்தக் கோணத்தில் கண்ணில் மோதுகின்றன, எவ்வளவு அழுத்தத்தில் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதி நிற்கும், பாதி போகும். இங்கே நீளத்தைப் பார்க்கக் கூடாது, அகலத்தைப் பார்க்க வேண்டும். 600 மைக்ரான் நீளமுள்ள கோபிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்) ஒல்லியானது, கண்ணுக்குள் தலை நுழைந்தால் உடலும் பின்னாலேயே போய்விடும். நீர்த்தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, ஆகவே அதன் தடிமன்தான் கணக்கு. கோபிபாட்டின் குஞ்சான நாப்ளியஸும், அதைப் போலவே நுண்ணிய ரோட்டிஃபரும் இந்த வலைக்கு இல்லாதவை மாதிரி.

அந்த ஓரப் பெட்டிகளைக் கோட்டில் சேர்த்தால் கோடு இடது பக்கம் கீழே இழுபடும், சாய்வு மட்டமாகும். உச்சம் தொட்ட பெட்டிக்கு வலப்புறம் இன்னும் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டு, அங்கிருந்து கோடு போடுங்கள். உச்சப் பெட்டியிலேயே கொஞ்சம் நழுவியிருக்கும்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் இன்னொரு வலை தேவை. 50 அல்லது 64 மைக்ரான் வலையை அதே இடத்தில், அதே ஆழத்திலிருந்து இழுங்கள். இரண்டிலும் லிட்டருக்கு எத்தனை என்று நீளப் பெட்டி வாரியாகக் கணக்கிட்டு, ஒன்றை மற்றதால் வகுங்கள். சின்ன நீளங்களில் விகிதம் 0க்கு அருகில் இருக்கும், மெல்ல ஏறி 1இல் நிற்கும். 1ஐத் தொடும் நீளமே உங்கள் 200 மைக்ரான் வலையின் கீழெல்லை. ஒரு முறை இதைச் செய்துவிட்டால் அந்த வலை இருக்கும்வரை உதவும், ஆனால் இனம் மாறினால் எல்லையும் மாறும்.

நுண்ணிய வலைக்கும் ஒரு சிக்கல் உண்டு. பாசி அடைத்துக்கொள்ளும், வாய்க்கு முன்னால் தண்ணீர் திரண்டு தள்ளும், அந்த அதிர்வை உணர்ந்து பெரிய கோபிபாட்கள் விலகிவிடும். வினாடிக்கு அரை மீட்டர் வேகம் போதும். 30 செ.மீ. வாயும் 3 மீட்டர் இழுப்பும் கணக்குப்படி 212 லிட்டர். வலை அடைத்து 60 விழுக்காடுதான் வடிகட்டியது என்றால் உண்மையில் 127 லிட்டர். ஒரே வலையை மட்டும் பயன்படுத்தும்போது இந்தப் பிழை கோட்டை மேலே கீழே நகர்த்துமே தவிர, சாய்வைத் தொடாது. இரண்டு வலைகளின் தரவை ஒட்டும்போதுதான் வினை. ஒட்டுமிடத்தில் ஒரு படி விழும், அந்தப் படியையும் சாய்வாகவே எக்செல் எடுத்துக்கொள்ளும். ஒட்டும் முன் இரண்டுக்கும் பொதுவான பெட்டிகளில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

வலைக்கண் · மார்ச் 3, இரவு 9.20

மதியம் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வலையின் நழுவல் இரண்டு குட்டைகளையும் ஒரே மாதிரி பாதிக்காது. மீன் குட்டையில் பொதுவாகப் பெருகுவது போஸ்மினா, அரை மில்லிமீட்டரைத் தாண்டாத சின்ன நீர்த்தெள்ளு. 200 மைக்ரான் வலையில் அதிகம் நழுவுவதும் அதுதான். மீன் இல்லாத குட்டையில் டாஃப்னியா என்ற பெரிய நீர்த்தெள்ளு, அது நழுவாது. ஆக உங்கள் வலை மீன் குட்டையின் சின்ன உயிர்களைத்தான் கூடுதலாகத் தொலைக்கிறது. உண்மையான வித்தியாசம் நீங்கள் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு.

வலைக்கண் · மார்ச் 4, காலை 7.00

வலது ஓரம்.

இருபதில் ஒரு பங்கை எண்ணினால், அந்தப் பங்கில் கண்ட ஒரு பெரிய டாஃப்னியா 20 ஆக எழுதப்படும். காணாவிட்டால் 0. மாதிரியில் மொத்தம் எட்டோ பத்தோ இருந்தால் இரண்டுமே பொய். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது, எக்செல் அந்தப் பெட்டியை விட்டுவிடும். அதிர்ஷ்டத்தில் ஒன்று அகப்பட்ட பெட்டிகள் நிற்கும், அகப்படாதவை மறையும். அதனால் வலது ஓரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், சாய்வு மீண்டும் மட்டமாகும். இரண்டு ஓரமும் ஒரே திசையில் ஏமாற்றுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

செய்ய வேண்டியது இது. பங்கு பிரிக்கும் முன்னால் முழு மாதிரியையும் வெள்ளைத் தட்டில் ஊற்றி, 1.5 மி.மீ.க்கு மேலுள்ள அத்தனையையும் அகல வாய்ச் சொட்டுக்குழாயால் பொறுக்கித் தனியே எண்ணி அளந்துவிடுங்கள். மீதியைப் பிரித்து, பங்கில் குறைந்தது 200 உயிர்களை அளக்கும் வரை விடாதீர்கள். பொறுக்கியவற்றுக்குப் பங்கு மதிப்பு 1, பங்கிலிருந்து வந்தவற்றுக்கு 20.

பெட்டியையும் கோட்டையும் அதோடு விட்டுவிடுங்கள். தனித்தனி எடைகளிலிருந்தே அடுக்கை (நம் சாய்வேதான்) கணக்கிடும் முறை, அதாவது உச்ச நிகழ்தகவு முறை, கைக்கணக்கிலேயே முடியும். ஒவ்வொரு உயிரின் எடையையும் கீழெல்லை எடையால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். எண்ணிக்கையை அந்தக் கூட்டலால் வகுத்து, 1ஐச் சேர்த்து, முன்னால் கழித்தல் குறி. 200 உயிர்கள், கூட்டல் 180 என்றால் 200/180 = 1.11, அடுக்கு -2.11. திட்டப்பிழை 1.11ஐ 200இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, 0.08. பங்கு மதிப்பு இருந்தால் மேலேயும் கீழேயும் அந்த மதிப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். திட்டப்பிழைக்கு மட்டும் உண்மையில் கண்ணால் பார்த்த எண்ணிக்கையைத்தான் போட வேண்டும், 20ஆல் பெருக்கியதைப் போட்டால் இல்லாத துல்லியம் வந்துவிடும்.

பூஜ்யப் பெட்டி என்ற தொல்லையே இதில் இல்லை.

குட்டைநீர் · மார்ச் 5, இரவு 8.30

செய்தேன். பாட்டிலில் மிச்சமிருந்த மாதிரியிலிருந்து பெரியவற்றைப் பொறுக்கினேன். கீழெல்லைக்கு மேலே மீன் குட்டையில் 214 உயிர்கள், அடுக்கு -2.6. மீன் இல்லாததில் 231, அடுக்கு -1.9. ஆனால் மீன் குட்டையில் மிகப் பெரிய உயிரே கீழெல்லையைப் போல் 10 மடங்கு எடைதான். அதனால் ஏதாவது வருமா?

வலைக்கண் · மார்ச் 5, இரவு 10.50

வரும். நல்ல இடத்தில் கேட்டீர்கள், நேற்றைய கைக்கணக்கை நான் திருத்த வேண்டும்.

அந்தச் சூத்திரம் எடைக்கு மேலெல்லையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. எல்லை மிகத் தொலைவில் இருந்தால் பாதகமில்லை. உண்மை அடுக்கு -2 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியதும் சிறியதும் 1000 மடங்கு விலகியிருந்தால் சூத்திரம் -2.01 தருகிறது, பிழையே இல்லை எனலாம். 50 மடங்கு என்றால் -2.09. வெறும் 10 மடங்கு என்றால் -2.34! உங்கள் மீன் குட்டையின் செங்குத்தில் ஒரு பெரிய துண்டு இப்படி வந்ததுதான்.

மேலெல்லை உள்ள பரவலுக்கு நேரடிச் சூத்திரம் இல்லை. அடுக்கை -1.5இலிருந்து -3.5 வரை 0.01 படியில் மாற்றிக்கொண்டே போய், எந்த மதிப்பில் மடக்கை நிகழ்தகவு உச்சமாகிறது என்று பாருங்கள். எக்செல்லின் சால்வர் போதும், ஆர் மொழியில் எழுதினாலும் சில வரிகள்தான். மேலெல்லையாக மாதிரியில் கண்ட மிகப் பெரிய எடையைப் போடலாம்.

வலைக்கண் · மார்ச் 6, காலை 6.40

நீளத்திலிருந்து எடைக்கு வரும் வழியையும் பார்த்துவிடுங்கள். அடுக்கு 2.6 என்றால் நீளத்தில் 10 விழுக்காட்டுப் பிழை எடையில் 28 விழுக்காடாகிறது. எல்லா அளவிலும் ஒரே விகிதத்தில் தவறினால் கோடு நகரும், சாய்வு நிலைக்கும். சின்னவற்றில் ஒரு மாதிரி, பெரியவற்றில் ஒரு மாதிரி தவறினால் சாய்வே மாறும். எங்கே அப்படி ஆகும் என்றால்:

டாஃப்னியாவைக் கண்ணின் மேல் விளிம்பிலிருந்து வால்முள்ளின் அடி வரை அளக்க வேண்டும். முள்ளைச் சேர்க்கக் கூடாது. குஞ்சுகளுக்கு முள் உடலோடு ஒப்பிட மிக நீளம், முதிர்ந்தவற்றில் குட்டையாகவோ உடைந்தோ இருக்கும். முள்ளோடு அளந்தால் குஞ்சுகள் எல்லாம் ஒரு பெட்டி மேலே ஏறிவிடும். கோபிபாட்டில் முன்னுடலை மட்டும் அளப்பதா, வால்கிளை வரையா என்பதை நீங்கள் எடுக்கும் எடைச் சூத்திரம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்யுங்கள். மயிர்களை எப்போதும் சேர்க்காதீர்கள்.

பதப்படுத்தல் இன்னொன்று. வெறும் 4 விழுக்காடு பார்மலினில் டாஃப்னியாவைப் போட்டால் என்ன ஆகிறது என்று லென்ஸில் பாருங்கள். ஓடு பலூன் போல் உப்பும், முதுகுப்பை திறந்துகொள்ளும், முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே உருளும். நீளம் கூடிவிட்டது, முட்டை எடை போய்விட்டது, அடியில் உருண்டை உருண்டையாக இல்லாத ஓர் இனம் முளைத்துவிட்டது. லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்த பார்மலின் இதைப் பெருமளவு தடுக்கிறது. எரிசாராயத்தில் போட்டால் சுருங்கும். இரண்டு குட்டைக்கும் ஒரே திரவம், ஒரே காத்திருப்பு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டைநீர் · மார்ச் 6, காலை 9.00

முட்டைகள்! மீன் இல்லாத குட்டை மாதிரியில் நிறைய உருண்டைகள் இருந்தன. ஏதோ பாசி என்று ஒதுக்கினேன்.

வலைக்கண் · மார்ச் 6, காலை 9.15

ஒதுக்கியது நல்லதே. படமெடுத்துத் தானே எண்ணும் கருவிகள் அப்படி ஒதுக்காது. முட்டை, காற்றுக்குமிழி, பாசி இழை, உரித்துப்போட்ட சட்டை எல்லாவற்றுக்கும் அவை அளவு எழுதிவிடும். உரித்த சட்டைதான் மோசம், முழு உயிரின் நீளம் இருக்கும், எடை இருக்காது.

வலைக்கண் · மார்ச் 7, மதியம் 2.10

-1 அல்லது -2 ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை பதில் சொல்லவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

ஒரு வேட்டையுயிர் தன் இரையைப் போல் 10,000 மடங்கு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது. 1942இல் லிண்டெமன் ஏரியில் ஆற்றல் கணக்குப் போடத் தொடங்கியதிலிருந்து, தோராயமாக எல்லோரும் கையாளும் எண் அது. அந்தப் பக்கம் பார்த்தால் பெரியவற்றுக்குப் பத்தில் ஒன்று. ஆனால் பெரிய உடல் மெதுவாக எரிகிறது. கிளைபர் 1932இல் காட்டியபடி வளர்சிதை வேகம் எடையின் முக்கால் அடுக்கில் ஏறுகிறது, ஆகவே ஒரு கிராம் உடல் ஆற்றலை வைத்திருக்கும் காலம் எடையின் கால் அடுக்கில் நீள்கிறது. 10,000இன் கால் அடுக்கு 10. வருவது பத்தில் ஒன்று, தங்குவது பத்து மடங்கு. இரண்டும் அடித்துக்கொண்டு, திரள் இரண்டு படியிலும் ஒன்றே. ஷெல்டன் கண்ட மட்டக் கோடு இதுதான்.

எண்ணில் எழுதினால், வகுக்காத எண்ணிக்கைச் சாய்வு = -0.75 கூட்டல் (ஆற்றல் பங்கின் மடக்கை ÷ எடை விகிதத்தின் மடக்கை). ஆற்றல் பங்கு 0.1, விகிதம் 10,000 என்றால் -0.75 - 0.25 = -1. விகிதம் 1000 என்றால் -1.08. 100 என்றால் -1.25. விகிதம் 1000ஆகவே இருந்து ஆற்றல் பங்கு 0.15 ஆனால் -1.02.

வலைக்கண் · மார்ச் 7, இரவு 10.00

மேலே எழுதியதைப் படித்துவிட்டு -1ஐ இயற்கை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விகிதம் 10,000 என்பது எங்கும் நிலையானது அல்ல. நீலத்திமிங்கிலம் 100 டன், அது தின்னும் கிரில் என்ற இறால் போன்ற உயிர் ஏறக்குறைய ஒரு கிராம், விகிதம் பத்துக் கோடி. இந்தப் பக்கம் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒருசெல் உயிர்களில் சில தம் அளவே உள்ள இரையையும் விழுங்கும். வாய்க்குள் போகும் அளவுதான் எல்லை என்பது மீனுக்குப் பொருந்தும், வடிகட்டித் தின்பவற்றுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, இந்தக் கணக்கு பல உணவுப் படிகளைத் தாண்டிய நீண்ட கோட்டுக்கானது. பாக்டீரியா முதல் மீன் வரை எடை பத்தின் எத்தனையோ அடுக்குகள் விரிகிறது. உங்கள் வலையில் நிற்பதோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு அடுக்கு. அவ்வளவு சின்னச் சன்னலில் தெரிவது நீண்ட கோடு அல்ல, அதன் மேலிருக்கும் ஒரு மேடு. ஏரிகளில் பாசிக்கு ஒரு மேடு, விலங்கு மிதவைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று தெரியும். நீங்கள் மேட்டின் வலது சரிவில் நின்று அளக்கிறீர்கள், அது -2ஐவிடச் செங்குத்தாக இருப்பதில் வியப்பில்லை. ஆக, முதல் கேள்விக்குப் பதில்: -2 வராததை வைத்துக் குட்டை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. ஒரே வலையில், ஒரே கணக்கில் எடுத்த இரண்டு குட்டைகளைத் தம்முள் ஒப்பிடுவதற்கே இந்த எண் உதவும்.

வலைக்கண் · மார்ச் 8, காலை 7.30

இப்போது மீன்.

1965இல் புரூக்ஸும் டாட்ஸனும் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் கிரிஸ்டல் ஏரி. 1942இல் மிதவையுண்ணும் அலோசா மீன் அங்கே இல்லை, 1964இல் இருந்தது. இடையில் விலங்கு மிதவைகளில் மிக அதிகமாகக் காணப்படும் நீளம் ஏறக்குறைய 0.8 மி.மீ.யிலிருந்து 0.3 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. டாஃப்னியா போய் போஸ்மினா வந்தது. மீன் கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறது, பெரியது முதலில் கண்ணில் படுகிறது.

மீன் இல்லாத குட்டையில் மட்டும் சின்னவை ஏன் பெருகுவதில்லை? ஒரு காரணம், பெரிய டாஃப்னியா ஒரே பாசியை அதிகத் திறமையாக வடிகட்டிச் சின்னவற்றைப் பட்டினி போடுகிறது என்பது. இரண்டாவதை மறக்கக் கூடாது. மீன் இல்லாத இடத்தில் கயோபோரஸ் கொசுப்புழு வாழ்கிறது. அது சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும், பெரிய டாஃப்னியா அதன் வாயில் அடங்காது. அந்தப் புழுவின் வாடை தண்ணீரில் இருந்தாலே டாஃப்னியா புலெக்ஸ் குஞ்சுகள் பின்கழுத்தில் சிறு பற்களை வளர்த்துக்கொள்கின்றன. ஆக, ஒரு குட்டையில் மேலிருந்து வெட்டு, மறு குட்டையில் கீழிருந்து வெட்டு. உங்கள் இரண்டு எண்களின் வித்தியாசத்தை மீன் மட்டும் செய்திருக்காது, மீன் இல்லாததால் வந்த புழுவும் செய்திருக்கும்.

குட்டைநீர் · மார்ச் 8, மாலை 6.20

மேலெல்லை போட்டுச் சால்வரில் ஓட்டினேன். மீன் குட்டை -2.3. மற்றது -1.8. திட்டப்பிழை இரண்டிலும் 0.1 சொச்சம். மீன் இல்லாத குட்டை 3 டிகிரி குளிர்ச்சியானது, மரநிழல். வெப்பத்தால் வந்த வித்தியாசமாக இருக்குமா?

வலைக்கண் · மார்ச் 8, இரவு 9.45

கொஞ்சம் இருக்கும், முழுதும் இருக்காது. எண்ணிலேயே பார்த்துவிடலாம். சூட்டில் வளரும் உயிர் சின்ன அளவிலேயே முதிர்ச்சி அடைகிறது, அட்கின்சன் 1994இல் தொகுத்த பொதுப்போக்கு இது. 2012இல் ஃபார்ஸ்டர், ஹர்ஸ்ட், அட்கின்சன் மூவரும் நிலத்தையும் நீரையும் ஒப்பிட்டார்கள். 3 மில்லிகிராம் உலர் எடையுள்ள உயிருக்கு நீரில் ஒரு டிகிரிக்கு எடை 5 விழுக்காடு குறைகிறது, நிலத்தில் 0.5 விழுக்காடு மட்டுமே. சூடான நீரில் ஆக்சிஜன் கிடைப்பது கடினம் என்பதை அவர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள்.

உங்கள் 3 டிகிரிக்கு அதே வீதத்தைப் போட்டால் எடையில் 14 விழுக்காடு, நீளத்தில் 6 விழுக்காடு வரை. உங்கள் இரண்டு குட்டைகளின் சராசரி நீளம் அதைவிட மிக விலகியிருந்தால் வெப்பத்தைக் காரணமாக்க முடியாது. நீளம் பாதியாவது என்றால் எடை ஆறில் ஒன்றாவது. 3 டிகிரி அதைச் செய்யாது.

-2.3க்கும் -1.8க்கும் வித்தியாசம் 0.5, சேர்ந்த திட்டப்பிழை 0.14. இந்த இரண்டு மாதிரிகளும் வேறுபடுகின்றன என்பது உறுதி. ஆனால் குட்டைக்கு ஒரு இழுப்புதான் இருக்கிறது. குறைந்தது மூன்று இழுப்பு, வெவ்வேறு இடத்தில். அதற்குப் பிறகும் "இந்த இரண்டு குட்டைகள் வேறு" என்றுதான் எழுதலாம். "மீனால்" என்று எழுத மீனுள்ளவை பல, இல்லாதவை பல வேண்டும்.

வலைக்கண் · மார்ச் 9, காலை 6.30

தலைப்பை விட்டு விலகிய ஒன்று. வலையின் கீழெல்லை பற்றி எழுதும்போதே கடலடி மண் நினைவுக்கு வந்தது. 1981இல் ஷ்விங்ஹாமர் மண்வாழ் உயிர்களின் நிறமாலையில் மூன்று மேடுகளையும் இடையே இரண்டு பள்ளங்களையும் காட்டினார். ஒரு பள்ளம் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் அளவில். நுண்விலங்கையும் பெருவிலங்கையும் பிரிக்கும் சல்லடைக் கண்ணும் அதே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்தான். பள்ளத்தைச் சல்லடை வெட்டியதா? மணற்துகள்களுக்கு நடுவே நுழைந்து வாழ்பவை, மண்ணைத் தள்ளி வளை தோண்டுபவை என்ற வாழ்முறைப் பிரிவும் அங்கேதான் விழுகிறது. என் எண்ணம், பள்ளம் உண்மை, ஆனால் அதன் ஆழத்தை ஒரே சல்லடையால் எடுத்த தரவில் நம்பக் கூடாது.

கடலின் வலது ஓரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் ஹேட்டனும் மற்றவர்களும் பாக்டீரியா முதல் திமிங்கிலம் வரை பத்தின் 23 அடுக்குகளைத் தொகுத்தார்கள். தொழில்முறை மீன்பிடிப்புக்கு முந்தைய கடலில் ஷெல்டனின் மட்டக் கோடு, இரு கோடிகளைத் தவிர, ஏறக்குறைய நிற்கிறது. இன்று 10 கிராமுக்கு மேற்பட்ட மீன், கடல் பாலூட்டிகளின் திரளில் ஏறக்குறைய 60 விழுக்காடு போய்விட்டது, மிகப் பெரிய அளவுகளில் 90 விழுக்காட்டை ஒட்டி. அந்த ஓரத்தில் தெரியும் சரிவுக்கு வலையும் பெட்டியும் காரணமல்ல. நாம்தான் காரணம். எழுதவே மனம் கனக்கிறது.

குட்டைநீர் · மார்ச் 9, மாலை 5.00

மறுபடி மாதிரி எடுக்கப் போகிறேன். இரண்டு வலை, குட்டைக்கு மூன்று இழுப்பு, சர்க்கரை பார்மலின். காலை பத்து மணிக்கு இழுத்தால் சரியா? போன முறையும் அப்போதுதான்.

வலைக்கண் · மார்ச் 9, மாலை 5.25

காலை பத்து மணிக்கு முதிர்ந்த கயோபோரஸ் புழு பெரும்பாலும் அடிச்சேற்றுக்குள் புதைந்திருக்கும். பெரிய டாஃப்னியாவும் அடியோரம் இறங்கியிருக்கலாம். வலை சேற்றைத் தொடாமல் அரை மீட்டர் மேலேயிருந்துதானே இழுத்திருப்பீர்கள்? உங்கள் வலது ஓரத்தில் பாதி அங்கேயே நின்றிருக்கும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து இழுங்கள், இரண்டு குட்டைகளையும் அதே இரவில். பாட்டிலுக்குள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள்: வலைக்கண் அளவு, வாய் விட்டம், இழுத்த ஆழம், நேரம், நீரின் வெப்பம், திரவம். எண்ணும்போது எத்தனையில் ஒரு பங்கு என்பதையும் அதே சீட்டில் சேர்த்துவிடுங்கள்.